ஜமீன் தின்ற கடலை

அத்தியாயம் 6

"நாய்க்கு வெஷம் வெச்சேன்னு சொல்றாங்க மேடம்! நானு! தோலு தொண்டையில மாட்டிக்கப் போவுதுன்னு ஒவ்வொரு கடலையா உரிச்சுக் குடுத்தவ நானு!"

அம்சா போனில் அழுதது, ஸ்பீக்கர் போடாமலேயே காசிநாதனின் காது வரைக்கும் வந்தது. வாயில் போட்ட மசால் வடையை அவர் அப்படியே நிறுத்திவைத்தார். அழுகைச் சத்தத்தோடு வடை தின்பது படாளம் ஊர்க்காரனுக்கு அழகில்லை என்பது அவர் கட்சி.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிறது ஹெலனின் துப்பறியும் நிலையம். நிலையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வாசலில் காசிநாதனின் ஆட்டோ. ஹெலனுக்கு நாற்பத்தைந்து வயது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காகப் பன்னிரண்டு வருஷம் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவள். காசிநாதன் அவளைவிட ஏழு வயது மூத்தவர். டிரைவரும் அவரே, உதவியாளரும் அவரே. பேச்சு மட்டும் யாரும் கேட்காமலே கிடைக்கும் இலவச இணைப்பு.

"அம்சா, அழாம சொல்லு. யாரு நாய்? எப்ப?"

விஷயம் இதுதான். அம்சாவுக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கடலை வண்டி. பதினொரு வருஷமாக ஒரே இடம். அந்தப் பக்கத்து நகரின் குடியிருப்போர் சங்கத் தலைவர் ராஜேந்திரன் தினமும் மாலையில் தன் ராஜபாளையம் நாயோடு நடந்து வருவார். நாயின் பெயர் ஜமீன். ஜமீனுக்கு அம்சா ஒரு கை கடலை கொடுப்பாள். நேற்றும் கொடுத்தாள். நேற்று ராத்திரியே ஜமீனுக்குப் பின்னங்கால் இரண்டும் தொய்ந்து விழுந்துவிட்டன. இன்று மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூட்டம். அம்சாவின் வண்டியை அந்த இடத்திலிருந்து எடுக்கச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போடப்போகிறார்கள்.

"இந்த எடத்த வுட்டா எனக்கு வேற எடம் கெடியாது மேடம்," என்றாள் அம்சா. 

ஹெலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றரை.

"காசிண்ணே, வண்டிய எடுங்க."

"வடைய முடிச்சிக்கினு..."

"வடையோட எடுங்க."

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஹெலன் பின் சீட்டில் போனும் கையுமாக இருந்தாள். ஜமீனைப் பார்த்த கால்நடை மருத்துவரின் நம்பரை அம்சாவிடமிருந்தே வாங்கியிருந்தாள். ஆட்டோ சத்தத்தில் காசிநாதனுக்கு அவள் பக்கத்துப் பேச்சு மட்டும் துண்டு துண்டாகக் கேட்டது. 'முன்னங்கால் நல்லா இருக்கா?' 'எலி மருந்து இல்லன்னு உறுதியா?' 'அது ஒண்ணுதானா?' அப்புறம் ஒரு நீளமான 'ஓ.'

"இன்னா மேடம், ஓன்னா?"

"உங்க ஊர்ல நாய் கடலை தின்னுமா?"

"நல்லா கேட்ட போ! எங்க கொல்லையில கடல புடுங்கறப்போ ஆளுங்கள வுட நாய்ங்கதான் ஜாஸ்தி தின்னும். ஒண்ணுக்காவது காலு இஸ்துகிச்சா? எங்கப்பனுக்குத்தான் வயிறு இஸ்துகிச்சு."

"டாக்டரும் அதான் சொல்றாரு. உப்பு, காரம் போடாத கடலை கொஞ்சம் குடுத்தா தப்பில்ல. பூஞ்சை பிடிச்சது ஆகாது. வெங்காயம், பூண்டு போட்ட மசாலா கடலை கூடவே கூடாது. முந்திரி உப்பில்லாம ரெண்டு மூணு சரி. முழு பாதாம் அடைச்சிக்கும். இதெல்லாம் வயித்துக்கு வர்ற வம்பு. ஆனா பின்னங்கால்ல வேலைய காட்டற கொட்டை ஒண்ணே ஒண்ணுதான் இருக்காம்."

"இன்னா கொட்ட அது?"

"இப்ப சொன்னா நீங்க அங்க போனதும் ஒளறிடுவீங்க."

காசிநாதனுக்கு ரோஷம் வந்தது. ஆனால் போன கேஸில் அவர் உளறியதும் நினைவுக்கு வந்ததால், ரோஷத்தை வடையோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

கடற்கரையில் அம்சா வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. இரும்புச் சட்டியில் மணல் ஆறிக் கிடந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும், வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கடலை நீட்ட அவள் கை மறக்கவில்லை.

"வெஷம்னு சொல்றாங்களே, பயமா இல்லியா அண்ணாத்த?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுனா ஆச்சுன்னா, மேடம் ஆட்டோ ஓட்டிக்கினு செங்கல்பட்டு போவணும். அத நெனச்சாதான் பயமா கீது," என்றபடி காசிநாதன் இரண்டு கடலையை உடைத்து வாயில் போட்டார். முகர்ந்து பார்த்தார். பூஞ்சை வாடை இல்லை. மணலில் வறுத்தது, உப்பும் இல்லை. வண்டியடியில் ஐந்து தெரு நாய்கள் வாலாட்டிக்கொண்டு நின்றன. நேற்று ஐந்தும் இதே கடலையைத்தான் தின்றனவாம். இருபது கால்களும் ஒழுங்காக இருந்தன.

"நேத்து ஜமீன் எவ்ளோ தின்னான்?" என்று கேட்டாள் ஹெலன்.

அம்சா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவன் எங்க தின்னான்? மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கினான். எப்பவும் அவர இஸ்துகினு ஓடியாருவான். நேத்து வந்ததும் தொப்புனு ஒக்காந்துட்டான்."

"இத யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டாங்க? அவரு போனப் பாத்துகினு நின்னாரு. நான் கடல நீட்டனது மட்டும்தான் அவரு கண்ணுக்கு ஆப்ட்டுது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எந்த இடம் என்று பார்க்கத்தான் இனிமேல் போகவேண்டியிருந்தது.

ராஜேந்திரனின் வீடு மூன்று தெரு தள்ளி. நாய்க்கு என்ன ஆனது என்று விசாரிக்க வந்ததாகச் சொன்னதும் அவரே உள்ளே அழைத்துப் போனார். கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே, பாயில் படுத்திருந்தது ஜமீன். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. ஆட்களைப் பார்த்ததும் முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்னங்கால்கள் துணிப்பை மாதிரி தொய்ந்து விழுந்தன. முனகிக்கொண்டு படுத்துவிட்டது. காசிநாதனின் வாயில் தயாராக இருந்த நக்கல் அங்கேயே நின்றுபோனது. அவருக்கு வருத்தமாகிவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் ராஜேந்திரன். மறைமலைநகர் பக்கத்துத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் ஷிஃப்டு மணி அடித்தது. "கடலை நாய்க்கு விஷம்னு வாட்ஸ்அப்ல போட்டுருக்கான். இதோ, பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். கூட்டத்துல எல்லாருக்கும் ஒரு காப்பி."

"சார் டெய்லி வாக்கிங் போவீங்களாமே," என்று காசிநாதன் குழைந்தார். ஹெலன் கண்ணைக் காட்டினால் இவர் குழைவார். அதுதான் இருவருக்கும் ஏற்பாடு. "ஒடம்பப் பாத்தா நாப்பதுன்னுதான் சொல்லத் தோணுது. போட்டோ கீட்டோ எடுப்பீங்களா சார்?"

ராஜேந்திரன் மலர்ந்துவிட்டார். தினமும் கடலை வண்டி ஓரமாக நின்று, கடல் பின்னால் தெரிய, ஜமீனோடு ஒரு செல்ஃபி. உடனே சங்கத்து குரூப்பில் 'இனிய மாலை வணக்கம்'. இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. போனை நீட்டினார். ஹெலன் விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"வீட்ட விட்டு எத்தன மணிக்கு கெளம்புவீங்க?"

"அஞ்சு. டாண்ணு அஞ்சு."

"படம் எல்லாம் அஞ்சேகாலுக்கு. திங்கள் அஞ்சேகால், செவ்வாய் அஞ்சேகால், புதன் அஞ்சு பதினாறு. நேத்து மட்டும் ஏன் சார் அஞ்சு நாப்பத்திரண்டு?"

ராஜேந்திரன் யோசித்தார். "நேத்து இவன் ரொம்ப சோம்பேறித்தனம் பண்ணிகினு வந்தான். வழியெல்லாம் ஒக்காந்து ஒக்காந்து..."

வாக்கியம் பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஹெலன் போனை அவர் பக்கம் திருப்பினாள். எல்லாப் படத்திலும் ஜமீன் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. நேற்றைய படத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் ஒருசாய்த்து, மணலில் பொத்தென்று.

"வண்டிகிட்ட போறதுக்கு முன்னாடியே கால் போயிடுச்சு சார். அம்சா கொடுத்தத அவன் தொடக்கூட இல்ல. மத்தியானம் இங்க எதையோ தின்னிருக்கான்."

சமையலறை வாசலில் ராஜேந்திரனின் மனைவி வந்து நின்றாள். பெயர் வேண்டா. கையில் கரண்டி. "தயிர் சோறுதாம்மா போட்டேன். நேத்து அமாவாச. வூட்ல கவிச்சி கெடியாது."

"அமாவாசைன்னா காக்காய்க்கு வெச்சிருப்பீங்களே?"

"வெச்சேன்," என்றார் ராஜேந்திரன். "நான்தான் வெச்சேன். காக்கா வந்துச்சு. சாப்டுச்சு. நல்லாவே சாப்டுச்சு."

ஒரு கேள்விக்கு ஐந்து பதில். காசிநாதன் மனசுக்குள் எண்ணி வைத்துக்கொண்டார்.

கொல்லைப்புற மதில் இடுப்பளவுதான். அதன் மேல் இலை வைக்கிற இடத்தில் நெய்க் கறை காய்ந்திருந்தது. அடியில் குரோட்டன்ஸ் தொட்டி. பக்கத்திலேயே ஜமீனைக் கட்டும் வளையம். காசிநாதன் குனிந்து தொட்டியைத் துழாவினார். எறும்பு கடித்தது. திட்டிக்கொண்டே கையை வெளியே எடுத்தபோது விரல்களுக்கிடையில் உருண்டையாக ஒன்று இருந்தது.

"இன்னா மேடம் இது? கோலிகுண்ட யாரு நெய்யில வறுத்தது?"

"முந்திரி," என்றார் ராஜேந்திரன். "எங்கப்பா நரசிம்மனுக்கு முந்திரின்னா உசுரு. அமாவாசை இலையில வறுத்த முந்திரி ஒரு கை கட்டாயம் வெக்கணும்."

"முந்திரி வளைஞ்சிருக்கும் சார். வெச்ச எடத்துல கெடக்கும். இது உருண்டை. அதான் ஒண்ணு உருண்டு தொட்டிக்குள்ள விழுந்திருக்கு." ஹெலன் வேண்டாவைப் பார்த்தாள். வேண்டா கரண்டியைப் பார்த்தாள்.

"முந்திரி தீந்துபோச்சும்மா," என்றாள் மெல்ல. "முந்திரி இல்லாம எல போட்டா இவரு வூட்ட ரெண்டு பண்ணிடுவாரு. ரேணுகா டப்பாவுல வெள்ளையா ஒண்ணு இருந்திச்சு. நெய்யில வறுத்தா எல்லாம் முந்திரிதானேன்னு..."

மாடியிலிருந்து மகள் ரேணுகா, கழுத்தில் ஹெட்போனோடு இறங்கி வந்தாள். சிறுசேரியில் ஐ.டி. வேலை. இன்று வீட்டிலிருந்தே பார்க்கிறாள். உருண்டையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "ஐயோ அம்மா! அது ஆஸ்திரேலியா க்ளையன்ட் குடுத்த மக்கடேமியா நட்ஸ்! ஒரு டப்பா இன்னா வெல தெரியுமா?"

"அதேதான்," என்றாள் ஹெலன். "டாக்டர் சொன்ன அந்த ஒண்ணே ஒண்ணு. மனுஷன் தின்னா ஒண்ணும் ஆகாது. நாய் தின்னா வாந்தி, நடுக்கம், பின்னங்கால் தொய்யும்."

"பொழைக்குமா?" ராஜேந்திரனின் குரலில் ஷிஃப்டு மணி நின்றுபோயிருந்தது.

ஹெலன் அங்கேயே மருத்துவரைக் கூப்பிட்டாள். பேசிவிட்டு வைத்தாள். "சாயங்காலம் ஒரு தடவை அழைச்சிட்டு வரச் சொல்றாரு. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல எழுந்துடுமாம். தண்ணி வெச்சு, தொந்தரவு பண்ணாம பாத்துக்கச் சொன்னாரு."

வேண்டா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். ராஜேந்திரனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு தலைவர் பதவியும் திரும்பி வந்துவிட்டது. "அப்ப காக்காதான் தட்டி வுட்டுருக்கணும். மேல இருந்து காக்கா தள்ள, கீழ இவன் தின்னுட்டான். அவ்ளோதான்."

"சர்தான்," என்றார் காசிநாதன். "கடலக்காரிய வுட்டாச்சு. இனிமே காக்கா மேல கேசு."

ஹெலன் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே சுருண்டு கிடந்த வாழை இலையை எடுத்து விரித்தாள். இலை பளிச்சென்று இருந்தது. ஒரு பருக்கை இல்லை. ஒரு சொட்டு பாயசம் இல்லை. நுனியில் மட்டும் பல்லால் கடித்து இழுத்த கிழிசல்.

"சார், காக்கா கொத்தும். நாலு பருக்கைய சிந்தும், வடையத் தூக்கிட்டு ஓடும். ஆனா நக்காது."

 

ராஜேந்திரன் மதிலைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "முக்கா மணி நேரம் கா கான்னு கத்தனேன். ஒரு காக்கா வரல. சுகர் மாத்திரை போடணும், பசி கண்ண இருட்டுது. காக்கா எடுக்காம நம்ம சாப்ட முடியாது. கொஞ்சம் திரும்பனேன், இவன் ரெண்டு காலையும் மதில்ல வெச்சு மொத்தத்தையும் வழிச்சிட்டான். உள்ள வந்து காக்கா எடுத்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"திருக்கழுக்குன்றத்துலயே கழுகு பிரசாதம் திங்க வர்றது நின்னு எத்தினி வருசம் ஆச்சு. காக்கா லேட்டா வந்தா குத்தமா சார்?" என்றார் காசிநாதன். இந்தத் தடவை குரலில் நக்கல் இல்லை.

"உங்களுக்குத் தெரியாது. போன மாசம்தான் சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ல இருந்த எங்க நெலத்த வித்தேன். அப்பா ஏர் ஓட்டன நெலம். அவருக்கு என் மேல கோவம், அதான் வரல. அவரு பங்க நாய் தின்னுச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அதுவும் இவகிட்ட?"

"எனக்குத் தெரியும்," என்றாள் வேண்டா படியிலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இருவத்தெட்டு வருசமா அந்த எலைய எடுத்துப் போடறது நானு. காக்கா தின்ன எல எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலமே பாத்துட்டு, தொட்டிக்குப் பின்னால சொருகிட்டேன். முந்திரிய மாத்திப் போட்டதாலதான் மாமா வரலன்னு நெனச்சேன். சொன்னா நீங்க கேப்பீங்களே, அதான் வாய மூடிகினேன்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே இலையின் ரகசியத்தை இரண்டு பேரும் ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஒருவருக்கு ஒருவர் பயந்து. சிரிக்கவேண்டிய விஷயம்தான். ஹெலனுக்குக் கோபம்தான் வந்தது.

"உங்க ரெண்டு பேர் கூச்சத்துக்கு அம்சாவோட வண்டி போகணுமா?" என்றாள். "மணி நாலரை. அஞ்சு மணிக்கு உங்க கூட்டம்."

ராஜேந்திரன் பிரிண்ட் எடுத்த தாள்களைக் கட்டாக எடுத்தார். நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ரேணுகாவும் வேண்டாவும் ஜமீனைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போனார்கள்.

கூட்டம் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. தப்பு என் வீட்டில், கடலை வண்டி அங்கேயேதான் நிற்கும் என்று தலைவர் எழுந்து சொன்னாராம். காக்கை விஷயத்தைச் சொன்னாரா என்று காசிநாதன் விசாரித்துப் பார்த்தார். சொன்னாராம், அதையும்.

ஆறு மணிக்கு முன்னால் கடலை வண்டிக்கு வந்தார் ராஜேந்திரன். கையில் நாய்ச் சங்கிலி இல்லாமல் அவரைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அம்சா அடுப்பு மூட்டியிருந்தாள். மணல் சூடேறி, கடலை சடசடத்தது.

"அவன் எப்பிடிக்கீறான்?" அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"தண்ணி குடிச்சானாம். வால ஆட்டறானாம்." அவர் நின்றார். "அம்சா, தப்பு பண்ணிட்டேன்."

அம்சா சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பகலெல்லாம் அழுதவளுக்கு உடனே சிரிப்பு வந்துவிடுமா? ஒரு பொட்டலத்தை மடித்து அவர் கையில் திணித்தாள். "இன்னிக்கி பகலு பூரா என்ன அழ வெச்ச இல்ல? குந்து. நாளைக்கி அவனுக்குப் போடறதுக்கு உரி. செவப்புத் தோலு ஒண்ணு கூட இருக்கக் கூடாது. டாக்டரு சரின்னா தான் போடணும். நாலே நாலுதான்."

சங்கத் தலைவர் மணலில் உட்கார்ந்து கடலை உரித்தார். ஒன்று, இரண்டு. சிவப்புத் தோலை ஊதி ஊதித் தள்ளினார். நாலாவதை உரித்து உள்ளங்கையில் வைத்தபோது, எங்கிருந்தோ வந்த காக்கை ஒன்று அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. ஒரு எட்டு வைத்தது. உள்ளங்கையிலிருந்த கடலையைக் கொத்திக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய், அவசரமில்லாமல் தின்றது.

ராஜேந்திரன் கையை மடக்கவே இல்லை.  அம்சா கரண்டியை நிறுத்தினாள். ஹெலன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காசிநாதன் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாத்த, ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. ஒங்க நைனா சிங்கப்பெருமாள் கோயில்லேர்ந்து பஸ்ஸு மாறி வந்துகீறாரு, ஒரு நாளு லேட்டு."

ராஜேந்திரன் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு பொட்டலத்தை முழுசாக விரித்து, காக்கைக்கு எட்டும்படி மணலில் வைத்துவிட்டு, அடுத்த கடலையை உரிக்க ஆரம்பித்தார்.